கெர்னல் ஃபங்ஷனுக்கு ரஸ்டில் ரேப்பர்: கம்பைல் ஆனால் பாதுகாப்பானதா?

கேள்வி இது. சி மொழியில் சில ஆண்டுகளாக லினக்ஸ் டிரைவர் எழுதும் ஒருவர் இப்போது ரஸ்டுக்கு வருகிறார். இன்டரப்ட்டை (ஹார்ட்வேர் சிபியுவுக்கு அனுப்பும் அழைப்பை) கையாளப் பதிவு செய்யும் ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ ஃபங்ஷனை ஓர் அன்சேஃப் பிளாக்குக்குள் (கம்பைலர் சரிபார்க்க முடியாததற்கு எழுதுபவரே பொறுப்பேற்கும் பகுதி) அழைத்து, அதைச் சுற்றிச் சாதாரண ஃபங்ஷன் ஒன்று எழுதியிருக்கிறார். கம்பைல் ஆகிறது, போர்டில் இன்டரப்ட்டும் வருகிறது. "இதைப் பாதுகாப்பான ரேப்பர் என்று சொல்லலாமா? இல்லையென்றால் இன்னும் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கிறார்.

சொல்ல முடியாது. வேலை செய்கிறது என்பது இங்கே அளவுகோல் இல்லை; சி டிரைவரும் பெரும்பாலான நேரம் வேலை செய்யத்தான் செய்கிறது. ரஸ்டில் ஒரு ஃபங்ஷனை சேஃப் என்று அறிவித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: அழைப்பவர் அன்சேஃப் என்று ஓரிடத்திலும் எழுதாத வரை, அவர் என்ன செய்தாலும் மெமரி கெடக்கூடாது. தப்பான வரிசையில் அழைக்கலாம், இரண்டு முறை அழைக்கலாம், கிடைத்ததைத் தூக்கி இன்னொரு த்ரெட்டிடம் கொடுக்கலாம், கிடைத்ததை அப்படியே மறந்தும் போகலாம். அதனால் டிரைவர் ஓடாமல் போகலாம், அது பரவாயில்லை. விடுவித்த மெமரியை யாரும் தொடக்கூடாது, அவ்வளவுதான். "நல்ல புரோகிராமர் இப்படி அழைக்க மாட்டார்" என்ற வாதத்துக்கு இங்கே இடமே கிடையாது.

அதனால் ரேப்பர் எழுதும் வேலையில் ரஸ்ட் கோடு கால்வாசிதான். மீதி முக்கால்வாசி, அந்த சி ஃபங்ஷனுக்கு இருக்கும் எழுதப்படாத விதிகளைத் தேடிக் கண்டுபிடிப்பது. எந்த பாயின்டர் எதுவரை உயிரோடு இருக்க வேண்டும், எந்த நேரத்தில் யார் அழைப்பார்கள், தூங்கலாமா (சிபியுவை விட்டுக்கொடுத்துக் காத்திருக்கலாமா) கூடாதா, கடைசியில் யார் விடுவிக்க வேண்டும் என்பதெல்லாம். இந்த விதிகளை டைப்புகளாக மாற்றி, மீறினால் கம்பைல் ஆகாது என்ற நிலைக்குக் கொண்டுவருவதுதான் ரேப்பர். பெயரை மாற்றி இன்னொரு ஃபங்ஷன் எழுதுவது ரேப்பர் ஆகாது.

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். கெர்னலில் ரஸ்ட் ஆதரவு 2022 டிசம்பரில் வெளியான 6.1 பதிப்பில் நுழைந்தது. 2024 மார்ச்சில் வந்த 6.8-ல் முதல் ரஸ்ட் டிரைவர் வந்தது; ஆசிக்ஸ் நிறுவனச் சிப்புக்கான சின்ன ஈதர்நெட் பிஎச்ஒய் டிரைவர் அது. 2025-ல் பிசிஐ, பிளாட்ஃபார்ம் பஸ்களுக்கான ரேப்பர்கள் வந்தபிறகுதான் நிஜமான டிரைவர்களை எழுத வழி பிறந்தது. அதே ஆண்டு டிசம்பரில் டோக்கியோவில் நடந்த பராமரிப்பாளர்கள் சந்திப்பில் ரஸ்டை இனிமேல் சோதனை முயற்சி என்று சொல்லத் தேவையில்லை என முடிவெடுத்தார்கள். இத்தனைக்கும் அடியில் இருக்கும் அமைப்பு எளிமையானது. சி ஹெடர்களிலிருந்து பைண்ட்ஜென் என்ற கருவி அறிவிப்புகளை உருவாக்கித் தரும். அது படிக்க முடியாத இன்லைன் ஃபங்ஷன்களுக்கும் மேக்ரோக்களுக்கும் சி பக்கத்தில் சின்னச் சின்ன ஹெல்பர் ஃபங்ஷன்கள் உண்டு. அதற்கு மேலே 'கெர்னல்' என்ற கிரேட் (ரஸ்ட் கோடுத் தொகுப்பு) இருக்கிறது; அன்சேஃப் எல்லாம் அங்கே அடங்க வேண்டும். அதற்கும் மேலேதான் டிரைவர். டிரைவர் கோடு பைண்டிங்குகளை நேராகத் தொடுவது நல்லதல்ல. அப்படித் தொட வேண்டிய தேவை வந்தால், ஒரு ரேப்பர் இன்னும் எழுதப்படவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூவுக்கு வருவோம். அதன் ஆர்கியுமென்ட்கள் ஐந்து: இன்டரப்ட் எண், இன்டரப்ட் வந்தால் ஓட வேண்டிய ஹேண்ட்லர் ஃபங்ஷன், ஃபிளாகுகள், பெயர், அப்புறம் ஹேண்ட்லருக்குத் திரும்பக் கொடுக்கப்படும் ஒரு வெறும் பாயின்டர். பார்க்க அப்பாவி போல இருக்கிறது. இதற்குள் எத்தனை விதிகள் ஒளிந்திருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். கெர்னல் அந்தச் சரத்தை நகலெடுப்பதில்லை; பாயின்டரை மட்டும் வைத்துக்கொள்கிறது. யாராவது பிராக் அடைவில் உள்ள இன்டரப்ட்ஸ் ஃபைலைப் படிக்கும்போது அந்த முகவரியிலிருந்து பெயரை எடுத்துக் காட்டும். நீங்கள் ஸ்டாக்கில் தயாரித்த சரத்தைக் கொடுத்திருந்தால், அன்று ஒன்றும் ஆகாது. பல மணி நேரம் கழித்து யாரோ ஃபைலைப் படிக்கும்போது குப்பை வரும். சி ஹெடரில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ரஸ்டில் அந்த ஆர்கியுமென்ட்டுக்கு 'ஸ்டேட்டிக்' ஆயுள் கொண்ட சரம்தான் வேண்டும் என்று எழுதிவிட்டால் விஷயம் முடிந்தது.

அடுத்தது அந்த வெறும் பாயின்டர். பதிவை நீக்கும் ஃப்ரீ_ஐஆர்க்யூ ஃபங்ஷன் திரும்பும் வரை அது சுட்டும் இடம் உயிரோடு இருக்க வேண்டும். ஃப்ரீ_ஐஆர்க்யூவை அழைக்கும் வரை என்பது போதாது, அது திரும்பும் வரை. ஏனென்றால் அந்த நேரத்தில் வேறொரு சிபியுவில் ஹேண்ட்லர் ஓடிக்கொண்டிருக்கலாம். அது முடியும் வரை ஃப்ரீ_ஐஆர்க்யூ காத்திருக்கும். அதே காரணத்தால் ஹேண்ட்லருக்குள்ளிருந்தே அதை அழைத்தால் தனக்குத் தானே காத்திருந்து நின்றுவிடும்.

மூன்றாவதுதான் பலரும் தவறவிடுவது: ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ திரும்புவதற்கு முன்பே ஹேண்ட்லர் ஓடலாம். பகிரப்படும் இன்டரப்ட் என்றால் பக்கத்து டிவைஸ் எழுப்பிய இன்டரப்ட்டுக்கும் உங்கள் ஹேண்ட்லர் அழைக்கப்படும். இது போன்ற பிழைகளைப் பிடிப்பதற்காகவே கெர்னலில் டீபக்_எஸ்எச்ஐஆர்க்யூ என்ற அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டால், பகிரப்படும் இன்டரப்ட்டை விடுவிக்கும்போது கெர்னல் வேண்டுமென்றே ஒரு பொய் இன்டரப்ட்டைத் தட்டிவிடும்; பதிவு செய்யும்போது தட்டும் பகுதி முடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. ஆக, பதிவு செய்யும் நொடியில் ஹேண்ட்லரின் டேட்டா முழுக்கத் தயாராக இருக்க வேண்டும்.

இதெல்லாம் சேர்ந்து ரேப்பரின் உருவத்தை அதுவாகவே தீர்மானிக்கிறது. பதிவு என்பது ஒரு ஸ்ட்ரக்ட். ஹேண்ட்லரின் டேட்டா அதற்குள்ளேயே இருக்கும். முதலில் டேட்டாவை அதன் இறுதி இடத்திலேயே உருவாக்கி, கடைசியாக மட்டுமே ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூவை அழைக்க வேண்டும். ஸ்ட்ரக்ட் ட்ராப் ஆகும்போது (ஆயுள் முடிந்து ரஸ்ட் அதை விடுவிக்கும்போது) முதலில் ஃப்ரீ_ஐஆர்க்யூ, அதன்பிறகுதான் டேட்டா போக வேண்டும். ரஸ்ட் ஃபீல்டுகளை நீங்கள் எழுதிய வரிசையிலேயே ட்ராப் செய்யும் என்பதால், ஸ்ட்ரக்ட்டில் ஃபீல்டுகளின் வரிசையே இங்கே பாதுகாப்பின் ஒரு பகுதி. அதன் பக்கத்தில் ஒரு கமென்ட் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது அழகுக்காக வரிசையை மாற்றினால் கம்பைலர் ஒன்றும் சொல்லாது.

ஹேண்ட்லருக்குத் தன் டேட்டாவின் மேல் பகிரும் ரெஃபரன்ஸ்தான் கிடைக்க வேண்டும், மாற்றும் ரெஃபரன்ஸ் கூடாது. ஒரே இன்டரப்ட்டுக்கு ஹேண்ட்லர் ஒரே நேரத்தில் இரு சிபியுக்களில் ஓடாது என்பது சரிதான். ஆனால் ஹேண்ட்லர் ஓடும் அதே கணத்தில் பிராசஸ் பக்கத்திலிருந்து டிரைவரின் வேறொரு பகுதி அதே டேட்டாவைப் பார்க்கலாம். எனவே அந்த டைப் 'சிங்க்' (பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் பகிரத் தகுந்தது) ஆக இருந்தாக வேண்டும். மாற்ற வேண்டியதை லாக்குக்குள்ளோ அட்டாமிக்கிலோ வைத்துக்கொள்வது டிரைவரின் வேலை, அதைக் கட்டாயப்படுத்துவது உங்கள் வேலை.

இன்டரப்ட் எண்ணை வெறும் முழு எண்ணாக வாங்காதீர்கள். பிசிஐ டிவைஸிடமோ பிளாட்ஃபார்ம் டிவைஸிடமோ கேட்டால் மட்டுமே கிடைக்கிற ஒரு டைப்பாக அது இருக்கட்டும். அப்போது அந்த எண் எந்த டிவைஸுக்குச் சொந்தம், அந்த டிவைஸ் இப்போது டிரைவரோடு இணைந்திருக்கிறதா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் டைப்பிலேயே இருக்கும்.

இனி ரஸ்டில் நன்றாகத் தேர்ந்தவர்களும் தடுக்கி விழும் இடம். முதல் முறை இந்த ரேப்பரை எழுதுபவர் பெரும்பாலும் இப்படித்தான் யோசிப்பார்: "டேட்டா வெளியே இருக்கட்டும். பதிவு ஸ்ட்ரக்ட் அதைக் கடன் வாங்கிக்கொள்ளட்டும். பதிவு உயிரோடு இருக்கும் வரை டேட்டாவை யாரும் விடுவிக்க முடியாது. ட்ராப்பில் ஃப்ரீ_ஐஆர்க்யூ அழைத்துவிடுகிறேன்." கேட்க மிகச் சரியாக இருக்கிறது. ஆனால் ரஸ்டில் ட்ராப் ஓடியே தீரும் என்ற உத்தரவாதம் கிடையாது. மெம் ஃபர்கெட் என்பது ஒரு சேஃப் ஃபங்ஷன். அழைப்பவர் உங்கள் பதிவை அதற்குள் போட்டால் ட்ராப் ஓடாது, ஆனால் கடன் முடிந்துவிட்டதாக கம்பைலர் நினைத்துக்கொள்ளும். அவர் டேட்டாவை விடுவிப்பார். அடுத்த இன்டரப்ட் வரும்போது ஹேண்ட்லர் விடுவித்த மெமரியைத் தொடும். அன்சேஃப் என்ற சொல்லை அவர் ஒரு முறைகூட எழுதவில்லை. அப்படியென்றால் பிழை அவருடையது இல்லை, ரேப்பருடையது.

இது கற்பனைச் சிக்கல் இல்லை. 2015-ல் ரஸ்ட் 1.0 வெளியாவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால், ஸ்டாண்டர்ட் லைப்ரரியிலேயே இருந்த 'ஸ்கோப்டு த்ரெட்' வசதியை இதே காரணத்துக்காக எடுக்க வேண்டி வந்தது. த்ரெட் முடியும் வரை காத்திருப்பதை ட்ராப்பிடம் ஒப்படைத்திருந்தார்கள். ட்ராப் ஓடாமல் போக வழி இருந்தது.

தப்பிக்கும் வழி 'பின்' டைப்பில் இருக்கிறது. பின் செய்யப்பட்ட ஒன்றின் மெமரியை, அதன் ட்ராப் ஓடாமல் வேறு எதற்கும் பயன்படுத்தக்கூடாது என்பது அந்த டைப்பின் ஒப்பந்தம். டேட்டாவைக் கடன் வாங்காமல், பின் செய்த பதிவுக்குள்ளேயே வைத்துக்கொண்டால், யாராவது அதை ஃபர்கெட் செய்தாலும் அந்த மெமரி கடைசி வரை அப்படியே கிடக்கும். இன்டரப்ட் வரும், ஹேண்ட்லர் ஓடும், உயிரோடு இருக்கும் டேட்டாவைத்தான் தொடும். மெமரி கசிகிறது, ஆனால் கெடவில்லை. ரஸ்டின் கணக்கில் கசிவு பாதுகாப்புக் குறை அல்ல.

கெர்னலில் இதோடும் முடிவதில்லை. டிரைவர் மாட்யூலை இறக்கினால் ஹேண்ட்லரின் கோடே மெமரியில் இருக்காது. டேட்டா பத்திரமாக இருந்து என்ன பயன், தாவ வேண்டிய ஃபங்ஷன் போய்விட்டதே! அதனால் பதிவின் ஆயுளை டிவைஸோடும் கட்ட வேண்டும். டிவைஸ் டிரைவரிடமிருந்து பிரியும்போது கெர்னலே ஃப்ரீ_ஐஆர்க்யூவை அழைக்குமாறு ஒரு கால்பேக்கைப் பதிவு செய்துவிடுவது. மாட்யூல் இறங்கும் முன் எல்லா டிவைஸும் பிரிக்கப்படும் என்பதால் இந்தக் கடைசி ஓட்டையும் அடைபடுகிறது. யூசர் ஸ்பேஸில் எழுதிப் பழகியவர்களுக்கு இந்த அடுக்கு சட்டென்று தோன்றாது. கெர்னலில் கோடும் ஒரு ரிசோர்ஸ் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த "டிவைஸ் பிரிவது" என்பதுதான் டிரைவர் ரேப்பர்களின் மையச் சிக்கல். சி டிரைவர்களில் டிஇவிஎம் வகை ஃபங்ஷன்கள் பிரபலம்: டிவைஸ் பிரியும்போது தானாகவே விடுவித்துவிடும். வசதிதான். ஆனால் யூசர் ஸ்பேஸில் ஒரு புரோகிராம் டிவைஸ் ஃபைலைத் திறந்து வைத்திருக்கும்போது டிவைஸ் பிரிந்தால் என்ன ஆகும்? ஃபைல் இன்னும் திறந்திருக்கிறது, டிரைவரின் ஸ்ட்ரக்ட்டும் இருக்கிறது, அதற்குள் இருக்கும் ரிஜிஸ்டர் மேப்பிங்கின் முகவரி மட்டும் செத்துப்போன முகவரி. அடுத்த ஐஆக்டில் அழைப்பு (ஃபைல் வழியாக டிரைவருக்கு அனுப்பும் கட்டளை) நேராக அங்கே போகும்.

ரஸ்ட் பக்கத்தில் இதற்கு 'டெவ்ரெஸ்' என்ற டைப் இருக்கிறது. என்விடியா ஜிபியுக்களுக்கான நோவா டிரைவரின் தேவைகளோடு சேர்ந்து வளர்ந்தது இது. மேப்பிங்கை நேராகக் கையில் தராது. ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். டிவைஸ் பிரிந்திருந்தால் 'இல்லை' என்று பதில் வரும், டிரைவர் அந்தப் பதிலைக் கையாண்டே ஆக வேண்டும். உள்ளே நடப்பது ஆர்சியு (லாக் இல்லாமல் படிக்க விடும் கெர்னல் உத்தி): கேட்டு வாங்கியவர் ஆர்சியு படிப்புப் பகுதிக்குள் இருக்கிறார், திரும்பப் பெறுபவர் எல்லாப் படிப்பவர்களும் வெளியேறும் வரை காத்திருந்து அப்புறம்தான் விடுவிக்கிறார்.

ஒவ்வொரு ரிஜிஸ்டர் படிப்புக்கும் இந்தச் சோதனையா என்று கேட்கலாம். வேண்டியதில்லை. ப்ரோப் ஃபங்ஷனுக்குள் (டிவைஸை டிரைவரோடு இணைக்கக் கெர்னல் அழைப்பது) இருக்கும்போது டிவைஸ் இணைந்துதான் இருக்கிறது. இன்டரப்ட் ஹேண்ட்லரிலும் அப்படித்தான், ஏனென்றால் பிரிவதற்கு முன்பே பதிவு நீக்கப்படுகிறது. அந்த இடங்களில் மட்டும் டிரைவருக்கு 'பவுண்ட்' என்ற குறியோடு டிவைஸ் ரெஃபரன்ஸ் கிடைக்கும். அதைக் காட்டினால் டெவ்ரெஸ் சோதனை இல்லாமல் மேப்பிங்கைத் தரும். காட்டுவது அதே டிவைஸ்தானா என்று மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும். சி-யில் "இங்கே டிவைஸ் இணைந்திருக்கும்" என்று கமென்ட் எழுதுவோம். இங்கே அந்தக் கமென்ட்டே ஆர்கியுமென்ட் ஆகிவிட்டது. இந்த வடிவமைப்பு எனக்கு ரொம்பப் பிடித்தது, ஓடும் நேரத்தில் அதற்கு ஆகும் செலவும் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். டிவைஸ் பிரிவது வேறு, கார்டைக் கையால் பிடுங்குவது வேறு. பிசிஐ கார்டைப் பிடுங்கினால் படிப்பில் எல்லா பிட்டும் 1 ஆக வரும். மேப்பிங் இன்னும் இருக்கிறது, மெமரி கெடாது. அது டிரைவரின் லாஜிக் சரிபார்க்க வேண்டியது. சில எஸ்ஓசிகளில் (ஒரே சிப்பில் அடங்கிய சிஸ்டம்) கிளாக் நிறுத்திய பிளாக்கைப் படித்தால் மொத்த சிஸ்டமும் உறைந்துவிடும். அதுவும் ரஸ்டின் சேஃப் என்ற வரையறைக்கு வெளியே. ஆனாலும் கிளாக் ஓடுகிறது என்பதை ஒரு டைப்பாக வைக்க முடிந்தால் வையுங்கள், பயன்படுத்துபவர்கள் நன்றி சொல்வார்கள்.

தூக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு தூங்கினால் சிஸ்டம் நின்றுபோகலாம், ஆனால் அது மெமரி பிழை இல்லை. டெட்லாக் ரஸ்டில் அனுமதிக்கப்பட்ட தோல்வி. ஆர்சியு படிப்புப் பகுதிக்குள் தூங்கினால் கதை வேறு. எல்லாரும் வெளியேறிவிட்டார்கள் என்று கெர்னல் முடிவு செய்து மெமரியை விடுவித்துவிடலாம். அதாவது சாதாரணமாகப் பாதுகாப்புக்குச் சம்பந்தமில்லாத ஒரு தப்பு, இந்த இடத்தில் மட்டும் விடுவித்த மெமரியைத் தொடும் பிழையாக மாறுகிறது. கம்பைலரால் மட்டும் இதைத் தடுக்க முடியாது. அட்டாமிக் சூழலில் தூங்கும் ஃபங்ஷன் அழைக்கப்படுகிறதா என்று கம்பைல் நேரத்திலேயே பார்க்க 'கிலின்ட்' என்ற தனிக் கருவி எழுதியிருக்கிறார்கள். உங்கள் ரேப்பர் ஆர்சியு பாதுகாப்பில் எதையாவது கையில் கொடுத்தால், இதை ஆவணத்தில் எழுதாமல் விடாதீர்கள்.

டிஎம்ஏவில் (டிவைஸ் தானே நேராக மெமரியைப் படித்து எழுதும் முறை) இன்னொரு வகைச் சிக்கல். ரஸ்டில் மாற்றும் ரெஃபரன்ஸ் என்றால் அந்த மெமரியை இப்போது வேறு யாரும் தொடவில்லை என்ற உறுதி. கம்பைலர் அதை நம்பி படிப்புகளை ஒன்றாக்கும், வரிசை மாற்றும். நெட்வொர்க் கார்டுக்கு இந்த உறுதி தெரியாது. அது தன் பாட்டுக்கு டிஸ்கிரிப்டரில் எழுதும். எனவே டிஎம்ஏ பஃபரை ஸ்லைஸாகக் கொடுக்கும் சேஃப் ஃபங்ஷன் எழுதினால் அது தப்பு. ஒவ்வொரு ஃபீல்டையும் வாலடைல் படிப்பாக நகலெடுத்துக் கொடுக்க வேண்டும். கெர்னல் ரேப்பரில் அதற்கென்று மேக்ரோக்கள் இருக்கின்றன. ஸ்லைஸாக வாங்கும் வழி அன்சேஃப் ஆகவே வைக்கப்பட்டிருக்கிறது. இன்னொன்று: டிவைஸ் எழுதிய பைட்டுகளை எந்த டைப்பாக வேண்டுமானாலும் படிக்க முடியாது. பூலியன் என்றால் 0 அல்லது 1 மட்டுமே இருக்கலாம். டிவைஸ் 2 என்று எழுதிவைத்து நீங்கள் அதை பூலியனாகப் படித்தால் அந்தக் கணமே வரையறையற்ற நடத்தை. ஈனமும் (enum, குறிப்பிட்ட சில மதிப்புகள் மட்டுமே கொண்ட டைப்) அப்படித்தான். எந்த பிட் வரிசை வந்தாலும் செல்லுபடியாகும் டைப்புகளை மட்டும் ஒரு ட்ரெய்ட்டால் குறித்து, அவற்றை மட்டுமே அனுமதியுங்கள். முதலில் முழு எண்ணாகப் படித்து, அப்புறம் சரிபார்த்து ஈனமாக மாற்றிக்கொள்ளட்டும்.

அப்படியானால், டிஎம்ஏ முகவரி ரிஜிஸ்டரில் தப்பான எண்ணை எழுதினால்? ஐஓஎம்எம்யு (டிவைஸ் எந்த மெமரியைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் ஹார்ட்வேர்) இல்லாத போர்டில் கார்டு கெர்னல் மெமரியின் மேலேயே எழுதிவிடும். ஆனாலும் ரிஜிஸ்டரில் எழுதும் ஃபங்ஷன் கெர்னலில் சேஃப் ஆகத்தான் இருக்கிறது. கறாராகப் பார்த்தால் இது ஓட்டைதான். ஆனால் அதை அடைக்க ஒவ்வொரு ரிஜிஸ்டர் எழுத்தையும் அன்சேஃப் ஆக்கினால் டிரைவர் முழுக்க அன்சேஃப் நிரம்பி, எது உண்மையிலேயே ஆபத்து என்றே தெரியாமல் போய்விடும். என் கருத்தில் இப்போது எல்லை வகுத்திருக்கும் இடம் சரி: ஆஃப்செட் மேப்பிங்கின் எல்லைக்குள் இருக்கிறதா என்பதை ரேப்பர் பார்க்கிறது, முடிந்தால் கம்பைல் நேரத்திலேயே. எழுதும் மதிப்பின் அர்த்தம் டிரைவரின் பொறுப்பு. முகவரி ரிஜிஸ்டரை மட்டும் உங்கள் டிரைவருக்குள்ளேயே தனி டைப்பாக்கி, டிஎம்ஏ அலோகேஷனிலிருந்து வந்த முகவரியை மட்டும் அது ஏற்கும்படி செய்யலாம்.

இப்போது நிஜமாகவே நடந்த ஒரு பிழை. ஆண்ட்ராய்டில் பிராசஸ்களுக்கிடையே செய்தி அனுப்பும் பைண்டர் டிரைவர் ரஸ்டில் மறுபடி எழுதப்பட்டு 6.18 பதிப்பில் சேர்ந்தது. 2025 டிசம்பரில் அதில் ஒரு பிழைக்கு சிவிஇ-2025-68260 என்ற எண் (பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியல் எண்) கிடைத்தது. கெர்னலின் ரஸ்ட் கோடுக்குக் கிடைத்த முதல் சிவிஇ. ரேப்பர் எழுதும் ஒவ்வொருவரும் அதை நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஒரு நோடுக்கு (பைண்டரில் ஓர் ஆப்ஜெக்ட்டைக் குறிக்கும் ஸ்ட்ரக்ட்), அது இறந்தால் யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்ற ஒரு லிங்க்டு லிஸ்ட் இருந்தது. லிஸ்ட்டிலிருந்து ஓர் உறுப்பை நீக்கும் ஃபங்ஷன் அன்சேஃப். ஏனென்றால் அந்த உறுப்பு வேறொரு லிஸ்ட்டில் இருந்தால் முன்னும் பின்னும் இருக்கும் பாயின்டர்கள் குழம்பிவிடும். அழைத்த இடத்தில் சேஃப்டி கமென்ட் தெளிவாகவே இருந்தது: இந்த உறுப்பு தன் சொந்த நோடின் லிஸ்ட்டைத் தவிர வேறெந்த நோடின் லிஸ்ட்டிலும் சேர்க்கப்படுவதே இல்லை. அது உண்மையும்கூட. ஆனால் வேறொரு இடத்தில், நோடை விடுவிக்கும் ஃபங்ஷன் லாக்கைப் பிடித்து, முழு லிஸ்ட்டையும் ஒரு லோக்கல் வேரியபிளுக்கு நகர்த்திவிட்டு, லாக்கை விட்டுவிட்டு, அந்த லோக்கல் லிஸ்ட்டை நிதானமாகக் கடந்துகொண்டிருந்தது. அதே நேரத்தில் இன்னொரு த்ரெட் லாக்கைப் பிடித்து, அந்த லிஸ்ட்டில் இருந்த ஓர் உறுப்பை நீக்கியது. உறுப்பு வேறு "நோடின்" லிஸ்ட்டில் இல்லைதான். யாருடைய நோடிலும் இல்லாத ஒரு லோக்கல் லிஸ்ட்டில் இருந்தது. ஒரு த்ரெட் லாக்கோடும் மற்றது லாக் இல்லாமலும் ஒரே பாயின்டர்களைத் தொட்டன, லிஸ்ட் கெட்டது, கெர்னல் விழுந்தது. திருத்தம் எளிது: லோக்கலுக்கு நகர்த்தாமல், மூல லிஸ்ட்டிலிருந்தே ஒவ்வொன்றாக எடுப்பது.

பிழை எந்த வரியில் இருந்தது என்று பாருங்கள். அன்சேஃப் பிளாக்குக்குள் ஒன்றும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. லிஸ்ட்டை நகர்த்திய வரி முழுக்க சேஃப் கோடு. அன்சேஃப் பிளாக் நம்பியிருந்த விதியை, அதே மாட்யூலுக்குள் இருந்த சேஃப் கோடு உடைத்தது. ஆக, அன்சேஃப் பிளாக்கைத் தேடித் தேடிப் படித்தால் ரிவியூ முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்தப் பிளாக் எந்த ஃபீல்டை நம்பியிருக்கிறதோ, அந்த ஃபீல்டைத் தொட முடிந்த எல்லா கோடும் சந்தேக வட்டத்துக்குள் வரும். பிரைவசிதான் வட்டத்தின் எல்லை. அதனால் ரேப்பரின் ஃபீல்டுகளைப் பிரைவேட்டாக வையுங்கள், மாட்யூலைச் சின்னதாக வையுங்கள். 200 வரி மாட்யூலில் ஒரு விதியைக் காப்பாற்றலாம். 3000 வரி மாட்யூலில் காப்பாற்ற முடியாது.

சேஃப்டி கமென்ட் எழுதுவதும் ஒரு கலை. "பாயின்டர் சரியானது" என்று எழுதினால் ஒன்றும் சொல்லவில்லை என்று அர்த்தம். "இந்த பாயின்டர் பதிவு செய்தபோது நாம் கொடுத்தது, பதிவு பின் செய்யப்பட்டிருக்கிறது, ஃப்ரீ_ஐஆர்க்யூ திரும்பும் முன் அது ட்ராப் ஆகாது, ஆகவே இந்தக் கால்பேக் ஓடும் வரை உயிரோடு இருக்கும்" என்று எழுதினால், படிப்பவர் ஒவ்வொரு கண்ணியையும் இழுத்துப் பார்க்கலாம். ஸ்ட்ரக்ட்டின் மேலே 'இன்வேரியன்ட்ஸ்' என்ற தலைப்பில் விதியை எழுதி, கமென்ட்டில் அதைச் சுட்டுவது கெர்னலின் வழக்கம். கமென்ட்டை எழுத முடியாமல் திணறினால், பெரும்பாலும் அந்த இடத்தில் நிஜமாகவே ஓட்டை இருக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எரர் நம்பர்களை எதிர்ம முழு எண்ணாக விடாமல் ரிசல்ட் ஆக மாற்றுங்கள். சில சி ஃபங்ஷன்கள் பாயின்டருக்குள்ளேயே எரரை ஒளித்துத் தரும், அதற்கும் தயார் ஃபங்ஷன் உண்டு. மியூட்டெக்ஸ் போன்றவை தன்னையே சுட்டும் லிஸ்ட் தலையை உள்ளே வைத்திருப்பதால் நகர்த்தக்கூடாது; பின்-இனிட் வழியாக இருக்கும் இடத்திலேயே உருவாக்குங்கள். ரெஃப்கவுன்ட் உள்ள சி ஸ்ட்ரக்ட்டுக்கு ஏற்கெனவே 'ஏரெஃப்' இருக்கிறது, புதிதாக ஒன்று கண்டுபிடிக்க வேண்டாம். கால்பேக்கில் வரும் பாயின்டரை அந்தக் கால்பேக்கின் ஆயுளுக்கு மட்டும் ரெஃபரன்ஸாகக் கொடுங்கள். வைத்துக்கொள்ள விரும்புபவர் கவுன்ட்டை ஏற்றிக்கொள்ளட்டும்.

விதிகளை எங்கே கண்டுபிடிப்பது? ஹெடர் கமென்ட்டில் பாதி இருக்காது. சி கோடைப் படிக்க வேண்டும், அதைப் பயன்படுத்தும் நாலைந்து நல்ல டிரைவர்களைப் படிக்க வேண்டும், பிறகு அந்த சப்சிஸ்டத்தின் பராமரிப்பாளரிடம் கேட்க வேண்டும். சில சமயம் விதியே இல்லை என்று தெரியவரும். ஆசாஹி லினக்ஸ் திட்டத்தில் ஆப்பிள் ஜிபியுவுக்கு ரஸ்டில் டிரைவர் எழுதியபோது டிஆர்எம் ஷெட்யூலரில் (ஜிபியு வேலைகளை வரிசைப்படுத்தும் கெர்னல் பகுதி) அப்படித்தான் ஆனது. ஷெட்யூலர் அழிந்தபிறகும் அது உருவாக்கிய ஃபென்ஸ் (ஒரு வேலை முடிந்ததா என்று சொல்லும் ஆப்ஜெக்ட்) வெளியே உயிரோடு இருக்கலாம். யாராவது ஃபென்ஸின் பெயரைக் கேட்டால் அது விடுவித்த ஷெட்யூலருக்குள் போய்த் தேடும். சி டிரைவர்கள் பழக்கத்தால் அந்தப் பக்கம் போகாமல் இருந்தன. ரேப்பர் எழுதும்போது இப்படி ஒன்று கிடைத்தால் சி பக்கத்தில் திருத்தம் அனுப்புவதுதான் முதல் வழி. அது நடக்கும் வரை ரஸ்ட் பக்கத்தில் கொஞ்சம் செலவு செய்து மறைக்கலாம்.

அதுவும் முடியாவிட்டால் அந்த ஃபங்ஷனை அன்சேஃப் ஆகவே வெளியிடுங்கள்; அழைப்பவர் என்னென்ன காப்பாற்ற வேண்டும் என்று மேலே எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சேஃப் என்று பொய் சொல்லும் ஃபங்ஷன், அன்சேஃப் ஃபங்ஷனைவிட மோசம். அதை நம்பி எழுதிய நூறு டிரைவர்களில் பிழை வந்தால் யாரும் ரேப்பரைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

எழுதி முடித்ததும் சோதனைக்கு வாருங்கள். கேசன் (மெமரிப் பிழைகளைப் பிடிப்பது), லாக்டெப் (லாக் பிழைகளைப் பிடிப்பது), ஆர்சியு சரிபார்ப்பு, அட்டாமிக் தூக்கச் சோதனை, மேலே சொன்ன பொய் இன்டரப்ட் எல்லாவற்றையும் போட்டு ஒரு கெர்னல் கட்டுங்கள். ஒரு சின்ன புரோகிராம் டிவைஸ் ஃபைலைத் திறந்து ஐஆக்டிலைச் சுழற்சியில் அழைத்துக்கொண்டே இருக்கட்டும். இன்னொரு டெர்மினலில் சிஸ்எஃப்எஸ் வழியாக அந்த டிவைஸை அன்பைண்ட், மறுபடி பைண்ட் என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள், நடுநடுவே மாட்யூலையும் இறக்கி ஏற்றுங்கள். புரோகிராமுக்கு டிவைஸ் இல்லை என்ற எரர் வர வேண்டும். கேசனிடமிருந்து ஒரு வரிகூட வரக்கூடாது. உங்கள் இப்போதைய ரேப்பரை மாற்றும் முன்பே ஒரு முறை இப்படி ஓட்டிப் பாருங்கள். மேலே சொன்ன விதிகளில் எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்பதற்கு கேசன் அச்சிடும் ஸ்டாக் ட்ரேஸ் நல்ல தொடக்கம்.